வாக்கை நம்பி நிற்றல்

தெய்வம் தந்த வாக்கை நம்பிக் காத்திருப்பதற்கு மூன்று வேண்டும். வாக்குத் தந்தவர் ஒருவர் இருக்க வேண்டும். அந்த வாக்கு நடக்கவே நடக்காது என்று கண்ணெதிரே சொல்லும் நிலைமை இருக்க வேண்டும். வாக்குக்கும் அதன் நிறைவுக்கும் நடுவே ஒரு காலம் கிடக்க வேண்டும். தந்தவர் இல்லையென்றால் அது ஆசை. நிலைமை இடம் கொடுத்தால் அது சாதாரண எதிர்பார்ப்பு. ஐப்பசியில் மழையை எதிர்பார்க்க விசுவாசம் தேவையில்லை. நடுவில் காலமே இல்லையென்றால் அது அற்புதம். அங்கே நம்ப வேண்டிய வேலை யாருக்கும் இல்லை, பார்த்தால் போதும்.

தென் மாவட்டங்களின் பக்தி வழக்கில் வாக்கு பெரும்பாலும் எதிர்த் திசையில்தான் போகிறது. பிள்ளை பிறந்தால் மொட்டை போடுகிறேன், நோய் தீர்ந்தால் மாவிளக்கு எடுக்கிறேன், வீட்டில் பூச்சிபொட்டு அண்டாமல் இருந்தால் பாம்பும் தேளும் பொறித்த வெள்ளித் தகடு செலுத்துகிறேன் என்று மனிதர் தெய்வத்துக்கு வாக்குக் கொடுக்கிறார். அதற்கு நேர்த்திக்கடன் என்று பெயர், கடன்பட்டவர் மனிதர். இக்கட்டுரை எடுத்துக்கொள்வது அதன் மறுபக்கம், தெய்வமே கடன்பட்டு நிற்கும் நிலை. அதையும் மக்கள் கேட்டு வாங்குவது உண்டு. பூக்கட்டிப் பார்ப்பது, சாமியாடியிடம் குறி கேட்பது, காரியம் தொடங்குமுன் உத்தரவு வேண்டிக் காத்திருப்பது எல்லாம் ‘நடக்கும்’ என்ற சொல்லைத் தெய்வத்தின் வாயிலிருந்து பெறும் வழிகள். ஆனால் அவை உடனடிக் காரியங்களுக்கானவை. வாக்கு கிடைத்த பிறகு பல ஆண்டு எல்லாம் தலைகீழாகவே நடந்தால் நம்பியவர் என்ன செய்வார் என்ற கேள்விக்கு விடை தேட, தலபுராணங்களுக்கும் திருமறைகளுக்கும் போக வேண்டியிருக்கிறது.

தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவிலின் தலபுராணமே இந்தக் கேள்வியின்மேல் கட்டப்பட்டது. சங்கன், பதுமன் என்று இரண்டு நாகர்கள். ஒருவன் சிவனே பெரியவன் என்றான். மற்றவன் திருமாலே பெரியவன் என்றான். வழக்கு அம்பிகையிடம் போயிற்று. இருவரையும் ஒரே திருமேனியில் காண வேண்டும் என்று அம்பிகை கேட்டாள். பொதிகைச் சாரலில் புன்னைவனத்துக்குப் போய்த் தவம் இரு, அங்கே அந்தக் காட்சி தருகிறேன் என்று சிவன் வாக்களித்தார். கேட்டது எளிய வரம் அன்று. ஒருபுறம் சடை, மறுபுறம் மணிமுடி. ஒருபுறம் மழு, மறுபுறம் சங்கு. ஒருபுறம் புலித்தோல், மறுபுறம் பீதாம்பரம். ஒன்றுக்கொன்று ஒவ்வாதவை என்று அடியார்கள் இன்றும் வழக்காடும் இரண்டு அடையாளங்கள் ஓருடலில் சேர வேண்டும். பேயாழ்வார் திருமலையில் இரண்டு உருவும் ஒன்றாய் இசைந்ததைப் பாடியிருக்கிறார். கருத்து தமிழுக்குப் புதிதல்ல. புன்னைவனக் கதையில் புதிது, அதற்காக ஒருத்தி ஒற்றைக்காலில் நின்றாள் என்பது.

ஆண்டுதோறும் நடக்கும் ஆடித் தபசு இந்தக் காத்திருப்பைத்தான் விழாவாக்கியிருக்கிறது. கொடியேற்றத்துடன் தொடங்கும் விழாவில், உத்திராட நட்சத்திரம் கூடிய நாளில், அம்பிகையாகிய கோமதி அம்மன் தங்கச் சப்பரத்தில் தபசு மண்டபம் போய்ச் சேர்கிறாள். காட்சி காலையிலேயே கிடைத்துவிடுவதில்லை. பகல் முழுவதும் அவள் அங்கே இருக்க வேண்டும். கூட்டமும் வெயிலில் அவளோடு காத்துக் கிடக்கிறது. மாலையில்தான் சுவாமி சங்கரநாராயணராக ரிஷப வாகனத்தில் எழுந்தருள்கிறார். அம்மன் வலம்வந்து வணங்குகிறாள். அந்த வேளையில் சுற்றுவட்டார விவசாயிகள் தங்கள் நிலத்தில் விளைந்த பருத்தியையும் நெல்லையும் வத்தலையும் சப்பரத்தை நோக்கி அள்ளி வீசுகிறார்கள். வானத்தை நம்பி வெள்ளாமை செய்யும் ஊர்க்காரர்களுக்குக் காத்திருப்பைப் பற்றி யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. இரவில் இன்னொரு காட்சி. கேட்ட வடிவம் கிடைத்தபின் பழைய வடிவத்திலேயே தன்னோடு இருக்கும்படி அம்மன் வேண்ட, சுவாமி சங்கரலிங்கராக யானை வாகனத்தில் வருகிறார்.

விழா நாட்களில் பக்தர்கள் செய்யும் ஆடிச்சுற்று இன்னும் கவனிக்கத் தக்கது. நூற்றொரு முறை, ஐந்நூற்றொரு முறை என்று எண்ணிக் கோயிலைச் சுற்றி வருகிறார்கள். ஒற்றைக்காலில் நிற்கும் அம்மனின் கால்வலியைத் தாங்களும் கொஞ்சம் வாங்கிக்கொள்வதாக நம்பிக்கை. காத்திருப்பு வலிக்கும் என்பதை இந்த வழக்கம் மறைக்கவில்லை. தெய்வமே ஆனாலும் வாக்குக்கும் நிறைவுக்கும் நடுவே கால் கடுக்கும் என்று அது ஒத்துக்கொள்கிறது. வலியைப் பங்கிடவும் வழி சொல்கிறது. வெறும் ஆசையிலிருந்து வாக்கை நம்புதலைப் பிரிக்கும் கோடு இங்கேதான் ஓடுகிறது. ஆசை தடையைப் பார்க்க மறுக்கும். நம்பிக்கை தடையை எண்ணிக் கணக்கெடுக்கும். பின்வரும் சான்றுகள் எல்லாவற்றிலும் இந்தக் கணக்கு ஏதோ ஒரு வடிவில் வருகிறது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தில் இரண்டு வரலாறுகள் இதற்கு நேராகப் பொருந்தும். முதுமையில் திருநாவுக்கரசர் கயிலையைக் காணப் புறப்படுகிறார். கால் தேய்கிறது; கையால் ஊன்றிப் போகிறார். கை தேய்கிறது, மார்பால் ஊர்கிறார், பிறகு புரண்டு போகிறார். உடம்பின் எந்த உறுப்பு எங்கே ஓய்ந்தது என்று சேக்கிழார் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். முனிவர் வடிவில் வந்த சிவன், மானிடர் அடைய முடியாத இடம் அது, திரும்பிப் போ என்கிறார். அடியவர் மறுக்கிறார். உடம்பால் இனி எதுவும் முடியாது என்றான பிறகே வாக்கு வருகிறது: இந்தப் பொய்கையில் மூழ்கு, திருவையாற்றில் அந்தக் காட்சியைக் காண்பாய். கேட்டது கயிலையில், கிடைத்தது காவிரிக்கரையில். வாக்கு நிறைவேறும்போது கேட்டவர் நினைத்த இடத்திலும் வடிவிலும் வராமல் போகலாம் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன கதை தமிழில் குறைவு.

இன்னொருவர் திருநின்றவூர்ப் பூசலார். கோயில் கட்ட ஆசை, கையில் காசில்லை. தேடியும் பொருள் சேரவில்லை. மனத்துக்குள் கட்டத் தொடங்கினார். நாள் பார்த்து அடித்தளம் இட்டு, படை படையாகச் சுவர் எழுப்பி, சுதை வேலை முடித்து, கிணறு வெட்டி, மதில் கட்டி, குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். அதே நாளைக் காஞ்சியில் கற்கோயில் எழுப்பிய பல்லவ மன்னன் காடவர்கோன் தன் கோயிலுக்குக் குறித்திருந்தான். சிவன் மன்னனின் கனவில் வந்து நாளை மாற்றிக்கொள்ளச் சொன்னார். பூசலார் கனவு கண்டவரல்லர். கனவு காண்பவர் கோபுரத்திலிருந்து தொடங்குவார். இவர் கிணற்றையும் மதிலையும்கூட விடவில்லை.

வைணவத்தில் இந்தப் பொருள் கதையாக நிற்காமல் கோட்பாடாகவே வளர்ந்துவிட்டது. சரணாகதிக்கு உரிய அங்கங்களில் ஒன்று மகாவிசுவாசம், காப்பான் என்ற அசையாத உறுதி. அது எளிதில் வராது என்று ஆசாரியர்களுக்குத் தெரியும். வேதாந்த தேசிகர் (1268–1369) ரகஸ்யத்ரயசாரத்தில் மகாவிசுவாசத்தைத் தடுக்கும் ஐந்து ஐயங்களைச் சங்கா பஞ்சகம் என்று வரிசைப்படுத்தி ஒவ்வொன்றுக்கும் விடை சொல்கிறார். இவ்வளவு குற்றம் செய்தவனை ஏற்பானா, இவ்வளவு சிறிய செயலுக்கு இவ்வளவு பெரிய பலனா, தாமதிக்காமல் தருவானா, தரம் பார்க்காமல் தருவானா என்ற போக்கில் அந்த ஐயங்கள் போகின்றன. ஐயப்படாதே என்று அதட்டாமல், எவையெல்லாம் ஐயம் என்று பட்டியல் போட்டுக் கொடுத்த துணிவு பாராட்டத் தக்கது. நம்புகிறவன் தன் பங்குக்கு ஏதாவது பற்றிக்கொள்ள வேண்டுமா என்பதில் வடகலையும் தென்கலையும் பிரிந்தன. தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியும், தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியும் இந்த வாதத்தின் புகழ்பெற்ற உவமைகள்.

கோட்பாட்டுக்கு அடியில் உள்ள காட்சி வீடணன் அடைக்கலம். அண்ணனை விட்டு வந்தவனை நம்பலாமா என்று வானரப் படையில் விவாதம் நடக்கிறது. சுக்கிரீவன் கூடாது என்கிறான். இராமன் அபயம் தருகிறான். அத்தோடு நிற்கவில்லை. வால்மீகியில் கடல்நீர் கொண்டுவரச் செய்து, வீடணனை இலங்கைக்கு அரசனாக அங்கேயே முடிசூட்டுகிறான். அப்போது இலங்கையில் இராவணன் இருக்கிறான். கும்பகருணனும் இந்திரசித்தும் இருக்கிறார்கள். நடுவில் கடல். அணை கட்டப்படவில்லை, அதற்கான முதல் கல் எடுக்கப்படவில்லை. கம்பன் இதை இன்னும் திருப்பிவிடுகிறான். இலங்கை உனக்கே என்ற வாக்கைக் கேட்ட வீடணன், தம்பி பரதனுக்குச் சூட்டிய முடியையே தனக்கும் வேண்டும் என்று பாதுகையைக் கேட்கிறான். அரசு வருமா வராதா என்பது அவனுக்கு இரண்டாம் செய்தி ஆகிவிட்டது. வாக்குத் தந்தவரைப் பெற்றதே அவனுக்கு முதல்.

யூத, கிறிஸ்தவ, இஸ்லாமிய மரபுகள் மூன்றுக்கும் இந்தக் கேள்வியின் முதல் ஆள் ஆபிரகாம். ஆதியாகமம் அவருடைய வயதை இடைவிடாமல் குறித்துக்கொண்டே போகிறது. நாட்டையும் சந்ததியையும் தருவேன் என்ற வாக்கை நம்பி ஆரானிலிருந்து புறப்பட்டபோது 75. மனைவி சாராள் மலடி. பத்தாண்டு கழிந்தும் பிள்ளை இல்லை. சாராளின் யோசனைப்படி பணிப்பெண் ஆகார் மூலம் இஸ்மவேல் பிறந்தபோது 86. வாக்கை நாமே நிறைவேற்றிக்கொள்வோம் என்ற குறுக்குவழி அது. அதனால் அந்த வீட்டில் விளைந்த துயரத்தையும் நூல் மறைக்கவில்லை. 99 வயதில் வாக்கு மறுபடி வருகிறது, இந்த முறை சாராளின் பெயரைச் சொல்லி. ஆபிரகாம் முகங்குப்புற விழுந்து சிரிக்கிறார். பிறகு கூடார வாசலில் கேட்டுக்கொண்டிருந்த சாராளும் தனக்குள் சிரிக்கிறாள். நூறு வயதில் ஈசாக்கு பிறக்கிறான். சாராளுக்கு அப்போது 90. இப்ராகீமின் மனைவி சிரித்ததைக் குர்ஆனும் சொல்கிறது. விசுவாசத்தின் தகப்பன் என்று போற்றப்படுபவரின் கதையில் இத்தனை சிரிப்பு இருப்பது, நம்பிக்கையை எப்போதும் நெற்றியைச் சுருக்கிய முகத்தோடு காட்டும் பிரசங்கங்களுக்கு நல்ல மருந்து.

பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில் இதை விளக்கும்போது, ஆபிரகாம் தன் உடல் செத்ததற்குச் சமம் என்பதையும் சாராளின் கருப்பை செத்துப்போனதையும் முன்னால் வைக்கிறார். இந்த இடத்தில் ஏட்டுப் பிரதிகள் இரண்டாகப் பிரிகின்றன. ஆபிரகாம் தன் உடலைக் கவனித்தார் என்று சில. கவனிக்கவில்லை என்று சில. பழைய மொழிபெயர்ப்புகள் பின்னதைப் பின்பற்றின. இன்றைய பதிப்பாசிரியர்கள் பெரும்பாலும் முன்னதை ஏற்கிறார்கள். வயதை ஆண்டு பிசகாமல் எண்ணிவைத்த ஆதியாகமத்தோடு முன்னதே பொருந்துகிறது. தடையைப் பார்த்தும் தளராதவர் என்பதே அந்தப் பகுதியின் ஓட்டம்.

பிள்ளை பற்றிய வாக்கு நிறைவேறிற்று. நாடு பற்றியது? சாராள் 127 வயதில் இறந்தபோது அடக்கம் செய்ய ஆபிரகாமுக்கு அந்த நாட்டில் ஒரு சாண் நிலம் இல்லை. ஏத்தின் புத்திரரிடம் போய் வணங்கி, எப்பெரோனிடம் 400 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து, மக்பேலா குகையும் அதைச் சேர்ந்த வயலும் வாங்கினார். முழு நாடும் உனக்கு என்று வாக்குப் பெற்றவர், கல்லறைக்கு இடத்தைக் காசு கொடுத்து வாங்கியதை நூல் ஒரு அதிகாரம் முழுக்கப் பேரம் பேசிய விவரத்தோடு எழுதிவைத்திருக்கிறது.

இதற்கு இணையான இன்னொரு நில வியாபாரம் எரேமியா நூலில் இருக்கிறது. பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது, கி.மு. 587-ஐ ஒட்டிய காலம். நகரம் விழும் என்று சொன்னதற்காக எரேமியாவே காவல் முற்றத்தில் அடைக்கப்பட்டிருக்கிறார். அந்த நேரத்தில் ஆனதோத் ஊரிலுள்ள வயலை 17 சேக்கல் கொடுத்து வாங்குகிறார். சாட்சிகள் கையெழுத்திடுகிறார்கள், முத்திரையிட்ட பத்திரம் ஒன்று, திறந்த பத்திரம் ஒன்று. நெடுநாள் கெடாமலிருக்க இரண்டையும் மண்பாண்டத்தில் போட்டுவைக்கும்படி தம் எழுத்தர் பாருக்கிடம் சொல்கிறார். இந்த நாட்டில் மறுபடியும் வீடும் வயலும் விலைக்கு வாங்கப்படும் என்ற வாக்கே அதற்குக் காரணம். எல்லாம் முடிந்த பிறகுதான் எரேமியா கடவுளிடம் திரும்பி, நகரம் எதிரி கையில் போகும்போது இதை ஏன் வாங்கச் சொன்னீர் என்று கேட்கிறார். முதலில் பத்திரம், பிறகு கேள்வி. வீடணனின் முடியும் இந்தப் பத்திரமும் ஒரே வகை: நிறைவு வருமுன்பே அது வந்துவிட்டதாக வைத்துச் செய்யும் செயல்.

இறைவனை இப்படி நம்பியிருப்பதற்கு இஸ்லாத்தில் தவக்குல் என்று பெயர். ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு இறைவனை நம்பட்டுமா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டு நம்பு என்று நபிகள் சொன்னதாக வரும் ஹதீஸ், நம்பிக்கைக்கும் அலட்சியத்துக்கும் நடுவே கோடு போடுகிறது.

இந்த மரபுகள் நூலில் மட்டும் வாழவில்லை. சங்கரன்கோவில் உள்ளிட்ட பழைய வட திருநெல்வேலி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாக்குத்தத்தத்தை நம்பி வாழ்ந்து பார்க்கும் சோதனைக்களம் ஆயிற்று. இந்தப் பகுதியில் ஊழியம் செய்தவர்களில் அதிகம் பேசப்பட வேண்டியவர் ஒரு தமிழர். உக்கிரன்கோட்டையில் 1810-இல் பிறந்த ஜான் கிறிஸ்தியான் அருளப்பன், பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயரிடம் படித்தவர். ரேனியஸ் 1835-இல் தம்மை அனுப்பிய சர்ச் மிஷனெரி சங்கத்திலிருந்து பிரிந்தார், 1838-இல் இறந்தார். இந்தப் பிளவு நடந்த ஆண்டுகளில் அருளப்பனுக்கு அந்தோணி நாரிஸ் குரோவ்ஸின் தொடர்பு கிடைத்தது.

குரோவ்ஸ் இங்கிலாந்தில் எக்ஸெட்டர் நகரப் பல் மருத்துவர். நல்ல வருமானத்தை விட்டுவிட்டு, எந்தச் சங்கத்தின் சம்பளமும் இல்லாமல் கடவுள் தருவார் என்ற நம்பிக்கையில் 1829-இல் பாக்தாதுக்குப் போனார். அங்கே 1831-இல் வந்த கொள்ளைநோயில் மனைவியை இழந்தார். 1833-இல் இந்தியா வந்தார். அவருடைய தங்கை மேரியை மணந்தவர்தான் பிரிஸ்டலில் அனாதை இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லர். முல்லர் 1836-இல் தொடங்கி ஆயிரக்கணக்கான குழந்தைகளை வளர்த்தார். யாரிடமும் பணம் கேட்பதில்லை என்பது அவர் விதி. அதேசமயம் வந்த ஒவ்வொரு காசையும் எழுதி ஆண்டறிக்கையாக அச்சிட்டார். விசுவாசத்துக்குக் கணக்குப் புத்தகம் வைத்தவர் என்று அவரைச் சொல்லலாம். கேலியாகத் தோன்றினாலும் உண்மை அதுதான். கணக்கு இல்லாவிட்டால் தந்தவர் யார் என்பது யாருக்கும் தெரிந்திருக்காது.

அருளப்பன் இந்த வழியைத் தமிழ்நாட்டு மண்ணில் நட்டார். நிலையான சம்பளம் தர முன்வந்தவர்களுக்கு மறுப்புச் சொன்னார். கூலிக்கு ஊழியம் செய்பவன் என்ற பேச்சுக்கு இடம் வைக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். ஊர் ஊராக நடந்தே பிரசங்கம் செய்தார். 1840-களில் திருவில்லிபுத்தூர்ப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டையை உண்டாக்கினார். வெள்ளைக்கார மிஷனெரியின் பங்களாவும் சம்பளப் பட்டியலும் இல்லாமல் ஒரு சபை நிற்க முடியும் என்பதே அன்று பலருக்கு நம்ப முடியாத செய்தி. வெளிநாட்டுப் பணமும் வெளிநாட்டுத் தலைமையும் இல்லையென்றால் இந்தியக் கிறிஸ்தவம் குலைந்துபோகும் என்று எண்ணிய காலம் அது. 1860 மார்ச்சில் கிறிஸ்தியான்பேட்டையில் எழுப்புதல் என்று சொல்லப்படும் பக்தி எழுச்சி தொடங்கிற்று. அமெரிக்காவிலும் அயர்லாந்தின் அல்ஸ்டரிலும் முந்தைய ஆண்டுகளில் நடந்த எழுப்புதல்களின் செய்தி அதற்கு முன்பே வந்திருந்தது. அழுகை, தரிசனம், தீர்க்கதரிசனம், அந்நிய பாஷை எல்லாம் இருந்தன. பெண்களும் எழுந்து பேசினார்கள். சம்பள ஊழியர் அல்லாதவர்கள் தாங்களாகவே ஊர்களுக்குப் போனார்கள். அருளப்பன் 1867-இல் காலமானார்.

இதே வட்டாரத்தில் அந்த எழுப்புதலுக்குச் சற்று முன் வேலை செய்தவர் தாமஸ் கஜிடன் ராக்லண்ட். 1841-இல் கேம்பிரிட்ஜின் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்றவர். நுரையீரல் நோயாளி. சர்ச் மிஷனெரி சங்கத்தின் அலுவலக வேலையில் இருந்துவிட்டு, 1854 முதல் ஃபென், மெடோஸ் என்ற தோழர்களுடனும் தமிழ் உபதேசியார்களுடனும் கூடாரம் அடித்து வட திருநெல்வேலிக் கிராமங்களைச் சுற்றினார். பலன் மிகக் குறைவு. 1858 அக்டோபரில் சிவகாசியில் இறந்தார். எழுப்புதல் வந்தது அதற்கு ஒன்றரை ஆண்டு கழித்து. அருளப்பனையும் ராக்லண்டையும் ஒருசேரப் பார்க்காமல் இந்த வட்டாரத்தின் கதையைச் சொன்னால் அது பாதிக் கதை. ஒருவர் கண்டார், மற்றவர் காணவில்லை. நம்பிக்கையின் அளவில் இருவருக்கும் வித்தியாசம் இருந்ததாகக் காட்ட எதுவும் இல்லை.

ராக்லண்டின் வரலாற்றை எழுதிய ஏமி கார்மைக்கேல் (1867–1951) முல்லரின் விதியைத் தாமும் கைக்கொண்டவர். அயர்லாந்துக்காரர், 1895-இல் இந்தியா வந்து மறு ஆண்டில் திருநெல்வேலி சேர்ந்தார். 1901 மார்ச்சில், கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட இருந்த பிரீனா என்ற சிறுமி பண்ணைவிளையில் அவரிடம் ஓடிவந்தாள். அதிலிருந்து டோனாவூரில் குழந்தைகளுக்கான இல்லம் வளர்ந்தது. பணம் கேட்டு விண்ணப்பம் வெளியிடுவதில்லை என்பது அங்கே கண்டிப்பு. ஆனால் பணத்தட்டுப்பாடு அவர்கள் எதிர்கொண்ட தடைகளில் சிறியது. பொட்டுக்கட்டும் வழக்கத்துக்குச் சமூகத்தில் மதிப்பு இருந்தது. குழந்தையைத் திருப்பிக் கேட்டு நீதிமன்றம் போக உறவினருக்கு உரிமை இருந்தது. பொட்டுக்கட்டுவதையே தடை செய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் இல்லை. அந்தச் சட்டம் 1947-இல் வந்தது. அதற்குக் காரணமானவர்கள் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் அவர்களைப் போன்ற சீர்திருத்தக்காரர்களும். டோனாவூரில் ஜெபித்தவர்களின் எதிர்பார்ப்பு, சட்டசபையிலும் மேடையிலும் போராடிய வேறு மரபினரின் கையால் நிறைவேறியதை விசுவாச வரலாறுகள் அவ்வளவாகச் சொல்வதில்லை. தேவதாசிகளைப் பற்றிய மிஷனெரிகளின் சித்திரம் ஒருதலையானது என்ற விமரிசனமும் பிற்கால ஆய்வாளர்களிடம் உண்டு. அதையும் சேர்த்தே கார்மைக்கேலின் நூல்களைப் படிக்க வேண்டும்.

அவர் வாழ்க்கையின் கடைசிப் பகுதி இந்த ஆய்வுக்கு இன்னும் முக்கியம். 1931 அக்டோபர் 24-ஆம் தேதி களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போனவர் குழியில் விழுந்து கால் முறிந்தார். குணமாக வேண்டும் என்று டோனாவூர் முழுவதும் ஜெபித்தது. குணமாகவில்லை. 1951 ஜனவரி 18-இல் இறக்கும்வரை ஏறத்தாழ இருபது ஆண்டு பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேயே கழிந்தது. அந்த அறையிலிருந்துதான் அவருடைய பல நூல்கள் வந்தன. பசியோடு இருந்த குழந்தைகளுக்கு அரிசி வந்தது என்ற சாட்சியைச் சொன்ன அதே வாய், தனக்குச் சுகம் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. சுகம் கிடைக்காதவர் விசுவாசத்தில் குறைந்தவர் என்று சொல்லும் உபதேசத்துக்கு இந்த இருபது ஆண்டு நேரான மறுப்பு.

வாக்கு பொய்த்துப்போன வரலாறும் உண்டு. 1860-இன் எழுப்புதல் திருநெல்வேலியிலிருந்து போன ஊழியர்கள் வழியாக 1873 வாக்கில் திருவிதாங்கூரை எட்டிற்று. தமிழ்ப் பிராமணக் குடும்பத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்த ஜஸ்டஸ் ஜோசப் அங்கே தலைவரானார். கிறிஸ்து 1881-இல் திரும்பி வருவார் என்ற தீர்க்கதரிசனம் பரவிற்று. பலர் அதை நம்பி ஆயத்தமானார்கள். குறித்த காலம் வந்தது, போயிற்று. அதன்பின் ஜஸ்டஸ் ஜோசப் யுயோமயம் என்ற தனிச் சபையைத் தொடங்கினார். இங்கே குறைந்தது நம்பிக்கையின் வலு அல்ல. ஆபிரகாமுக்கு நிகராகவே அவர்கள் நம்பினார்கள். தொடக்கத்தில் சொன்ன மூன்றில் முதலாவதான, வாக்குத் தந்தவர் யார் என்பதில் பிழை நேர்ந்தது. தெய்வத்தின் வாக்கு எது, தெய்வத்தின் பெயரால் மனிதர் சொன்னது எது என்று பிரிக்கும் வேலையைச் செய்யாத நம்பிக்கை, எவ்வளவு திடமானதோ அவ்வளவு ஆபத்தானது.

வெளியிலிருந்து வரும் மறுப்புகளும் பழையவை. திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரம், தெய்வத்தால் ஆகாமல் போனாலும் முயற்சி தன் கூலியைத் தரும் என்ற நிலையை எடுக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் பெரியாரின் இயக்கம் இன்னும் கூர்மையாகக் கேட்டது: காத்திருக்கச் சொல்வது யாருக்கு லாபம்? நிலமும் அதிகாரமும் இல்லாதவனைப் பொறுமையாக இருக்கச் சொல்லப் பயன்படும் வாக்கு, அவனை ஒடுக்குபவனுக்குக் கிடைத்த வாக்கு அல்லவா? இந்தக் கேள்வியை எளிதில் தள்ள முடியாது. ஆனால் மேலே கண்ட சான்றுகளில் ஒருவரும் சும்மா இருக்கவில்லை. அம்பிகை நின்றாள், பூசலார் கட்டினார், எரேமியா வாங்கினார், அருளப்பன் நடந்தார். காத்திருப்பு என்ற பெயரில் செயலை நிறுத்தியவர்கள் மீதுதான் அந்த மறுப்பு முழுமையாகப் பாய்கிறது.

இன்றைய தமிழ்க் கிறிஸ்தவத்தில் வாக்குத்தத்தம் பெரும்பாலும் ஓர் அட்டை. டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு வசனம் அச்சிட்ட அட்டை கொடுக்கப்படுகிறது. பல சபைகளில் ஒவ்வொரு மாதத்தின் முதல் நாளும் வாக்குத்தத்த ஆராதனை உண்டு. சில வீடுகளில் அட்டை ஆண்டு முழுவதும் சாமான் அலமாரிக் கண்ணாடியில் செருகியிருக்கும். நோயிலும் கடனிலும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்க அது உதவுகிறது என்பதை மறுக்க வேண்டியதில்லை. பூக்கட்டிப் பார்ப்பதற்கும் அட்டை எடுப்பதற்கும் தூரம் அதிகமில்லை என்ற குறையைச் சபைக்குள்ளிருந்தே சிலர் சொல்கிறார்கள். செழிப்பு உபதேசம் இதை இன்னும் தள்ளிப் போகிறது. வசனத்தை வாயால் அறிக்கை செய்தால் வீடும் வேலையும் விசாவும் வரும். நோயை நோய் என்று சொல்வதே அவிசுவாசம். ஆபிரகாம் தன் வயதை எண்ணியது அங்கே குற்றமாகிவிடும்.

இந்த அட்டைகளில் அடிக்கடி அச்சாகும் வசனம் எரேமியா 29-ஆம் அதிகாரம் 11-ஆம் வசனம். தீமைக்கல்ல, சமாதானத்துக்கான நினைவுகளே கடவுளிடம் இருக்கின்றன என்ற கருத்துடையது. அட்டையில் இடமில்லாததால் விடுபடுவது அதற்கு முந்தைய பத்தாம் வசனம். அது பாபிலோனில் எழுபது ஆண்டு நிறைவேறிய பின்பே இந்த நல்ல வாக்கு நடக்கும் என்கிறது. சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா அனுப்பிய கடிதம் இது. இரண்டே ஆண்டில் எல்லாம் சரியாகிவிடும் என்று அனனியா என்ற இன்னொரு தீர்க்கதரிசி சொன்ன செய்தி முந்தைய அதிகாரத்திலேயே இருக்கிறது; ஜனங்களுக்கு எது இனித்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எரேமியாவின் கடிதத்தை வாசிக்கக் கேட்ட வளர்ந்தவர்களில் யாருக்கும் எழுபது ஆண்டு மிச்சமிருந்திருக்காது. அவர்களுக்கு அந்தக் கடிதம் இட்ட வேலை ஐந்தாம் வசனத்திலிருந்து வரிசையாக இருக்கிறது: அந்நிய ஊரில் வீடு கட்டிக் குடியிருப்பது, தோட்டம் போட்டு அதன் பலனை உண்பது, பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வைப்பது, தங்களைச் சிறைப்படுத்திய பாபிலோனின் நலனுக்காக வேண்டிக்கொள்வது.